பிளக்கைப் பிடுங்கியதும் வானிலை மாறிய கதை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் அண்ணியும் வழக்கமான சண்டையோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வேலை போய்விட்டது என்று போனில் அழுதேனே, போகவில்லை. நான் பெருக்கித் துடைக்கிற ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் மூன்று வாரமாக அணையாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாம், இனி முப்பது வருஷத்துக்கு மழை வெயில் எப்படி இருக்கும் என்று. தூசி உறிஞ்சுகிற மிஷினுக்கு வேறு இடம் கிடைக்காமல் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஆராய்ச்சி செய்கிற அம்மா போட்ட அலறல் இருக்கிறதே! அது நடுநடுவே எடுத்து வைத்திருந்த எண்களைக் கொண்டு திரும்ப ஓட்டினார்கள். எண்களில் புள்ளிக்குப் பின்னால் நீளுகிற வால் கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டதாம். அவ்வளவுதான், புதுக் கணக்கில் மழை நாளில் வெயில், வெயில் நாளில் மழை. உலகத்தையே கெடுத்துவிட்டேன் என்று துடைப்பத்தோடு உட்கார்ந்து அழுதேன். அலறிய அந்த அம்மாவே வந்து தேற்றியது.

"அழாதீங்கக்கா, நாள்தான் மாறியிருக்கு. முப்பது வருஷத்தையும் சேத்துப் பாருங்க, சூடு ஏறுறது அதே மாதிரிதான் ஏறுது. காத்து, கடல், பனி, நம்ம விடுற புகை எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்குது. புகையால சூடு ஏறினா பனி உருகும். அந்த வெள்ளை போச்சுன்னா வெயிலைத் திருப்பி அனுப்ப ஆளில்ல, இன்னும் சூடு. எந்த நாள் கொளுத்தும்னு ரொம்ப முன்னாடியே சொல்ல முடியாது. கொளுத்துற நாள் கூடும்னு சொல்லலாம்."

"எங்க மாமியார் வீடு மாதிரி. எந்த வார்த்தையில சண்டை மூளும்னு தெரியாது, மூளும்னு தெரியும்."

"அதேதான்!" என்று அந்த அம்மா சிரித்தேவிட்டது.

அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுவிட்டேன். போன வருஷம் என் வீட்டுக்காரர் வெயிலில் சுருண்டு விழுந்தாரே, அன்று காலையில் "சும்மா கிடக்காம கிளம்புங்க" என்று விரட்டியது நான்தான். சாவு வீட்டில் நீயும் "இந்த வெயில்ல யாராவது அனுப்புவாங்களா?" என்றாய். அது ஒரு வருஷமாகத் தொண்டையில் முள்.

"நான் அனுப்பாம இருந்திருந்தா?"

அந்த அம்மா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. "இருந்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அந்த வெயிலை நீங்க கூட்டிட்டு வரல. அதுல கோடிப் பேர் கை இருக்கு."

பொய் சொல்லாமல் எனக்கு ஆறுதல் சொன்ன முதல் ஆள். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் அண்ணா.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் நிழலாகப் பார்த்து நடக்கவும்.

உன் தங்கை

பி.கு.: அன்று அவர் வேலைக்குப் போனார் என்று நான் சொன்னது பொய். உன் வீட்டு ஃபேன் ஓடவில்லை என்று மூன்று தடவை போன் செய்தாயே, அதைப் பார்க்கத்தான் கிளம்பினார். தெரிந்தால் உடைந்துவிடுவாய் என்று வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஒரு மூச்சு அழுதுவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கு. இன்னும் ஓடவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடு. சாயங்காலமாக வரச் சொல்.