பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம்

மொட்டைத் தலை ஆசாமி நூலகத்தின் ரெஃபரன்ஸ் மேசை மேல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டலத்துக்கு அடியில் அன்றைய நாளிதழ். அதில் எண்ணெய் ஊறிப் பரவுவதைக் கவுண்டரிலிருந்து பார்த்தபடி நிர்மலா புன்னகை செய்தாள்.

போன வாரமாக இருந்தால் இந்நேரம் பொட்டலமும் ஆசாமியும் வாசலுக்கு வெளியே கிடந்திருப்பார்கள்.

"அக்கா, இன்னாக்கா சும்மா பாத்துகினு இருக்கீங்க? ரெஃபரன்ஸ் மேஜைக்கா அது!" உதவியாளர் அனிதா கிசுகிசுத்தாள்.

"தெரியுது. சிரி."

"எனக்கு சிரிப்பு வரலியே."

"எனக்கு மட்டும் வருதா? பல்லக் காட்டு, போதும்."

எல்லாம் அந்தப் பயிற்சி வகுப்பு செய்த வேலை. கே.ஜி.கண்டிகை போகிற சாலையில், இந்த நூலகம் இருக்கும் கல்லூரியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. அதற்கு இன்னும் சில கல்லூரிகளும் ஒரு பாலிடெக்னிக்கும் பள்ளிகளும் உண்டு. எல்லா நூலகங்களின் ஊழியர்களையும் கூட்டி உட்காரவைத்து, சென்னையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவரை வரவழைத்தார்கள். 'உணர்வு நுண்ணறிவும் பணித்திறனும்' என்று பின்னால் பேனர். ஓடாத மின்விசிறிக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு, ஏசி அறையில் நின்றுகொண்டு, கொதிக்காமல் இருப்பது எப்படி என்று அவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். நூலகக் கூரை ஒழுகுகிறது என்று நிர்மலா எழுதிக் கொடுக்காத மழைக்காலம் இல்லை. கூரையைச் சரிசெய்ய ஆள் வரவில்லை, நிர்மலாவைச் சரிசெய்ய ஆள் வந்துவிட்டார். இதைக் கேட்டுக் கோபம் வராதவர்கள் மனிதர்கள்தானா என்று சந்தேகம்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நிர்மலாவிடம் சொன்னது இது. "அடுத்த வாரம் உங்களுக்குச் செய்முறைத் தேர்வு. வாசகர் மாதிரி ஒருவர் வருவார். உங்களைச் சீண்டிப் பார்ப்பார். யார் என்று கேட்கக் கூடாது. கோபப்படாமல் இருந்தால் பாஸ்."

மறுநாள் முதல்வர் சாமிநாதன் கூப்பிட்டார்.

"ஏம்மா, பாஸானா நீ நிரந்தர லைப்ரரியன். ஃபெயிலானா நகரி ஸ்கூலுக்கு ட்ரான்ஸ்ஃபர்."

"அந்த ஸ்கூல்ல லைப்ரரியே கெடையாதே சார்?"

"அதான் சொல்றேன். அங்க நீ கோவப்படறதுக்கு எடமே இருக்காது."

கரையான் புற்றுக்குள்ளிருந்து புத்தகங்களை இழுத்தெடுத்து, தூசி தட்டி, வகை பிரித்து, எண் ஒட்டி, அந்தக் குடோனை நூலகமாக ஆக்கியவள் நிர்மலா. அதற்காக அவளுக்குக் கிடைத்தது 'பொறுப்பு நூலகர்' என்ற பலகை. அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லை அழிப்பதற்காக அவள் எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறாள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியாதா?

திங்கட்கிழமை காலையிலேயே மொட்டைத் தலை ஆசாமி வந்துவிட்டார். கவுண்டருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, "முருகா" என்று முணுமுணுத்தார். பிறகு திடீரென்று கத்தினார்.

"எவ்ளோ நேரம் நிக்கறது? இங்க ஆள் இருக்கா, இல்லியா?"

நிர்மலா அவருக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவர்தான் அந்த ஆள் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவருக்குக் கை வேறு லேசாக நடுங்கியது. என்ன நடிப்பு, என்ன நடிப்பு!

அனிதாவுக்கு அவ்வளவு சூட்சுமம் போதாது. "சார், ஐடி கார்டு?" என்றாள்.

அவர் அறக்கட்டளை அட்டை ஒன்றை நீட்டினார். படத்தில் சுருட்டை முடி, நெற்றி வரைக்கும் கொத்துக் கொத்தாக. எதிரே சந்தனம் பூசிய மொட்டை. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் அது. ஊர் மலைமேல் இருக்கும் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு வந்ததில் பாதிக் கல்லூரி மொட்டையாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் இந்த வாரத்தில் அட்டைக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்க முடியாமல் அவன் பெயரில் இவனும், இவன் பெயரில் அவனுமாகப் புத்தகம் எடுத்துப் போவார்கள்.

"இது நீங்களா சார்?"

"பின்ன? எங்க மாமனாரா?"

நிர்மலா பாய்ந்து அட்டையைப் பிடுங்கி, அதில் இருந்த எழுத்தின் பக்கமே கண்ணைத் திருப்பாமல் அவர் சட்டைப் பையில் செருகினாள். "கார்டு எதுக்குங்க சார்? உங்க மொகமே போதும். உங்க உணர்வைப் புரிஞ்சிக்கிறேன் சார்." அது வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

"புரிஞ்சிகினீங்களா? இன்னா புரிஞ்சிகினீங்க? சொல்லுங்க பாப்போம்!"

வகுப்பில் அதற்கு மேல் சொல்லிக்கொடுக்கவில்லை. நிர்மலா அவசரமாகத் தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டு அவரை உட்காரவைத்தாள். அந்த நூலகத்திலேயே குஷன் கிழியாத ஒரே நாற்காலி அது. அவர் ஒருமுறை நாற்காலியையும் ஒருமுறை நிர்மலாவையும் பார்த்துவிட்டு, விளிம்பில் தொற்றினாற்போல உட்கார்ந்தார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. மாணவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தினால் நாற்காலி கிடைக்கும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசிப்பறையில் செல்போன் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். ஒருவன் பெஞ்சில் நீட்டிப் படுத்துத் தூங்கினான். அவர்களை அதட்டவும் முடியவில்லை, ஏனென்றால் குஷன் நாற்காலியிலிருந்து மொட்டைத் தலை பார்த்துக்கொண்டே இருந்தது. நிர்மலா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்துபோன ஒரு மூன்றாமாண்டு மாணவி, போன வருஷம் எடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேடம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை அவர் டீ கேட்டார். நூலகத்துக்குள் டீ என்பதே பெரிய பாவம். நிர்மலா அனிதாவை விட்டு வாங்கிவரச் சொன்னாள். ஒரு வாய் குடித்தார்.

"இது டீயா? கழுநீரு!" சொன்னவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற... வேற வாங்கினு வாங்க."

"ஆங், உடனே சார்."

அனிதா டீக்கடைக்கும் நூலகத்துக்குமாக நடந்ததில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் வைக்க ஆள் இல்லை. அவை கவுண்டரைத் தாண்டித் தரையில் குவிந்தன. அதைப் பார்த்துவிட்டு முதல்வர் குதித்தார்.

"இன்னாம்மா இது, காய்கறி மார்க்கெட்டா? பணித்திறன்னு அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தாங்களே, எங்க அது?"

"அது உணர்வுக்குப் பின்னால நிக்குதுங்க சார்," என்றாள் நிர்மலா, சிரித்த முகத்தோடு.

"நக்கலா? நான் எவ்ளோ பொறுமையா பேசிகினு இருக்கேன்!" என்று முதல்வர் கத்திய கத்தலில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

பகலில் விழுங்கிய கோபம் எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். "ரசத்துல உப்பு கம்மி," என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக அவள் கணவர் பிரேம்குமார் வியாழக்கிழமை முதல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். மொட்டைத் தலை ஆசாமி தமிழ் அலமாரிகளுக்கு முன்னால் போய் நின்றார். வழக்கம்போலக் கண்ணை மூடி முணுமுணுத்தார். அன்று கொஞ்சம் அதிக நேரம் முணுமுணுத்தார்.

"இது இன்னா கண்றாவி அடுக்கு? பாக்கவே சகிக்கல! சேப்பு அட்டையெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம்னு அடுக்குங்க. எல்லா ரேக்கும்!"

அனிதா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டாள். நூலகத்தில் வேலை பார்க்கிறவரிடம் புத்தகத்தை நிறத்தின்படி அடுக்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட வசவு என்று வெளியாட்களுக்குத் தெரியாது. நிர்மலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது துக்கமல்ல, சுத்தமான ஆத்திரம். ஒவ்வொரு எண்ணும் அவள் கையால் ஒட்டியது.

"அக்கா, வேணாங்க்கா," என்றாள் அனிதா.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான். எடுடி."

அடுக்கினார்கள். சாப்பிடப் போகாமல் அடுக்கினார்கள். கால்நடை நோய்களுக்குப் பக்கத்தில் காதல் கவிதைகள் போய் உட்கார்ந்தன. இலக்கணமும் தவளையின் உடற்கூறும் ஒரே பச்சையில் கலந்தன. முதல் பாகம் சிவப்பிலும் இரண்டாம் பாகம் நீலத்திலும் இருந்த நாவல்களை நிர்மலா தன் கையாலேயே பிரித்து, அறையின் இரண்டு மூலைகளில் வைத்தாள். கூலிக்குக் கொலை செய்கிறவனுக்குக்கூட அவ்வளவு கை கூசியிருக்காது.

சாயங்காலம் வேலை முடிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கடைசிப் புன்னகையை எடுத்து மாட்டினாள். "சார், பாருங்க சார். நீங்க சொன்ன மாதிரியே."

மொட்டைத் தலை ஆசாமி சிவப்பைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார்.

"ஆங்... நல்லால்ல. பழையபடியே வெச்சிடுங்க."

நிர்மலா வாயைத் திறந்தாள்.

"பழையபடியா? யோவ், மனுசனாய்யா நீ? இன்னா நெனச்சிகினு இருக்கற உன் மனசுல? புளியோதர துன்ன, சிரிச்சேன். டீய கழுநீருன்ன, சிரிச்சேன். எம் புள்ளைங்க மாதிரி அடுக்கி வெச்சிருந்தத உன் பேச்சக் கேட்டு நானே கலைச்சி போட்டேன், அப்பவும் சிரிச்சேன்! கூரை ஒழுவுது, எவனுக்காவது கோவம் வந்துச்சா? ஃபேன் ஓடல, எவனாவது வந்து பாத்தானா? எனக்கு கோவம் வந்தா மட்டும் கோட்டு மாட்டிகினு மெட்ராஸ்லேர்ந்து வந்துடுவாங்களா?"

சத்தம் கேட்டு ஓடி வந்த முதல்வர் வாசலோடு நின்றுவிட்டார். அவரையும் அவள் விடவில்லை.

"சாமி கோவம் தணிஞ்ச மலைன்னு சொல்லிச் சொல்லியே அடிவாரத்துல இருக்கறவங்களயெல்லாம் அடக்கி வெக்கிறீங்களா சார்? அந்த சாமி மொதல்ல சண்டய போட்டு முடிச்சிட்டுத்தான் சார் தணிஞ்சாரு! எங்கள சண்டயே போட உடாம தணின்னா எப்படி தணியறது?" மறுபடி மொட்டைத் தலை ஆசாமியின் பக்கம் திரும்பினாள். "போடு சார், மார்க்க போடு! முட்ட போடு! நகரிக்கே போறேன், போய் லைப்ரரி இல்லாத ஊர்ல நிம்மதியா இருக்கேன்!"

வாசிப்பறையில் செல்போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. பெஞ்சில் படுத்திருந்தவன் தரையில் கிடந்த புத்தகங்களை அள்ளி எண் பார்த்து அடுக்க ஆரம்பித்தான். யாரும் சொல்லாமலே கவுண்டருக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. ஐந்து நாளாக நடக்காத வேலை அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தது. நிர்மலாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாள், உடனே பலகையின் ஞாபகம் வந்தது.

மொட்டைத் தலை ஆசாமியின் சந்தனம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்தது. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைப் போல நின்று, உதவிக்கு வாசலைப் பார்த்தார்.

டிபன் கேரியரோடு வெகுநேரமாக அங்கே காத்திருந்த ஒரு பெண் முதல்வரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் தோளைத் தொட்டுத் தேற்றிவிட்டு, நிர்மலாவின் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரருக்கு கோவப்படவே தெரியலன்னு அந்த கோட்டு சாருதான் பாலிடெக்னிக் லைப்ரரிலேர்ந்து உங்ககிட்ட பரிட்சைக்கு அனுப்பிச்சாரு, இவரும் தெனம் கண்ணாடி முன்னால நின்னு திட்டிப் பழகிகினு வந்தாருங்க, கொஞ்சம் பாத்து பாஸ் மார்க் போட்டு உடுங்க!"