வங்காளப் படத்து மாமியாரைத் திட்டிய கதை

எனக்குக் கோபம் வந்தால் வாயில் நியாயம் மட்டும்தான் வரும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை, அமெரிக்காவில் பிளானோ என்கிற ஊரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மானத்தோடு சேர்ந்து போனது.

என் மகன் கார்த்தி, அதற்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஆலனில் பிறந்து வளர்ந்தவன். ஒரே பிள்ளை. வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். பெயர் பியாலி. நானோ கோபிச்செட்டிபாளையத்தில் ப்ளஸ் டூ கூட முடிக்காமல் கல்யாணமாகி வந்தவள். கிருத்திகை தவறாமல் விரதம். அவர்கள் வீட்டில் மீன் இல்லாமல் விசேஷமே கிடையாதாம். ஒரு மாதம் கத்தினேன். "ஐ ஹியர் யூ அம்மா" என்பான். (காது கேட்டால் போதுமா?) அப்புறம் மாடிக்குப் போய் அவளிடமே போனில் பேசுவான்.

பிளானோவில் பியாலியின் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் ஒரு திட்டம் போட்டேன். அந்தப் பெண்ணைத் தனியாகப் பிடித்து, கையெடுத்துக் கும்பிட்டு, "என் பையனை விட்டுரும்மா, யார்கிட்டயும் சொல்லாத" என்று கேட்பது. அவள் தானாக விலகிவிட்டால் பழனியில் என் வீட்டுக்காரருக்கு மொட்டை என்று முருகனிடம் வேண்டியும் கொண்டேன். (அவருக்கு இருந்ததே நாலு முடி. அதையும் அவரைக் கேட்காமல்.)

டோல்வேயில் காரில் போகும்போது அவரிடம் திட்டத்தையும் வேண்டுதலையும் சொன்னேன். "என்னைய இதுல இழுக்காத" என்று ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். கார்த்தி எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தான்.

அந்த வீட்டில் எனக்காகப் புதுப் பாத்திரம் வாங்கி, பருப்பும் கத்திரிக்காயும் சமைத்திருந்தார்கள். மீன் வாசமே இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரம்தான். குறை சொல்ல ஒன்றையும் மிச்சம் வைக்காதவர்களிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

சாப்பிட்டு முடித்ததும் பியாலியின் அப்பா ஒரு பழைய கறுப்பு வெள்ளை வங்காளப் படத்தைப் போட்டார். அவரும் அவர் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து பார்த்த படமாம். கீழே ஓடிய இங்கிலீஷை நான் ஒரு வரி படிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிட்டது. பியாலி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கார்த்தி சொல்லிக்கொடுத்த தமிழில் காதோரம் கதை சொன்னாள்.

பணக்கார வீட்டுப் பையன். ஆற்றுக்கு அக்கரையில் ஏழை வாத்தியார் மகள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூன்று பாட்டு. ஆனாலும் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அப்போது பையனின் அம்மா கொட்டும் மழையில் படகேறி அவள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெண் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்ன சொல்றா அவ?"

"என் பையனை விட்டுடு, யார்கிட்டயும் சொல்லாத, அப்படின்னு கேக்கறா ஆன்ட்டி."

அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று பட்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒன்றும் படவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்றேன்.

"ஏண்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பெத்த பையன்கிட்டப் பேசி ஜெயிக்கத் துப்பில்லாம, தனியா இருக்கிற புள்ளகிட்ட வந்து நாடகம் போடறயா? உருப்படுவயாடி நீ?"

பியாலியின் அப்பா படத்தை நிறுத்திவிட்டார். டிவியில் அந்த அம்மா கும்பிட்டபடியே நின்றாள். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்க, கார்த்தி ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொன்னான். அதில் பெருமை வேறு. பியாலியின் அம்மா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் நான் அந்த வீட்டில் தெய்வம்.

என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு முட்டுகிற சிரிப்பு. "ஏம்புள்ள, நீ இன்னிக்கு இங்க எதுக்கு வந்தே? அவ படகுல வந்தா, நீ கார்ல வந்தே. வேற என்ன வித்தியாசம்?"

கார்த்தி இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பியாலிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அதைக் கேக்கவா வந்தீங்க ஆன்ட்டி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சாமி கும்பிடுகிற வாயில் அது வரமாட்டேன் என்றது.

"ஆமா கண்ணு. அதுக்குத்தான் வந்தேன். இந்தப் படத்துக்காரியைத் திட்டின வாயால இனி அதை எப்படிக் கேக்கறது?"

அவள் டிவியைக் காட்டினாள். "இன்னும் அவங்க மேல கோவமா?"

"கையில கெடைச்சா விடமாட்டேன்."

பியாலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்ப சரி" என்றாள். கார்த்தி மட்டும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திரும்பும்போது காரில் முருகன் மேல் பாய்ந்தேன், கைவிட்டுவிட்டானே என்று. வீட்டுக்காரர் சொன்னார்: "வேண்டறதுக்கு உனக்கு வேற சாமியே கெடைக்கலயா? வள்ளியை ஆசைப்பட்டுக் கட்டினவர்கிட்டப் போயா காதலைப் பிரிச்சு வைக்கச் சொல்றது?"

கார்த்திக்கும் பியாலிக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. ரசத்தில் புளி கம்மி என்று மருமகளிடம் நான் லேசாக ஆரம்பித்தால் போதும். "மழை வருது, யாராச்சும் படகை எடுங்க" என்று என் வீட்டுக்காரர் ஹாலில் இருந்து குரல் கொடுப்பார். சம்பந்தி வீட்டிலும் இதே பேச்சுதான், வங்காளத்தில். எனக்கு இன்றைக்கும் அந்தப் படத்து மாமியார் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. அன்று பாதியில் நிறுத்திய படத்தை அப்புறம் யாரும் எனக்குப் போட்டுக் காட்டவும் இல்லை.

கடைசியில் அந்தப் பெண் அவனை விட்டுப் போனாளா, இல்லையா என்று பியாலியிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

"சொல்ல மாட்டேன் அத்தை. தெரிஞ்சா உங்களுக்கு ஐடியா வந்துரும்" என்கிறாள்.