ஞாயிற்றுக்கிழமை வரை முள்ளை எடுக்கக் கூடாது

ஒரு காட்டில் ஒரு சபை இருந்தது. சபை என்று இருந்தால் மைக் செட் இருக்கும். மைக் செட் இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ள ஒருத்தர் இருப்பார். இந்தக் காட்டில் அவர் ஒரு கரடி. பெயர் பாஸ்டர் ஞானசிகாமணி. அவர் வீட்டில் செவலை என்றொரு நாய் இருந்தான்.

செவலைக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், இடையில் நேரம் இருந்தால் சபைக்கு வராத அணில்களைத் துரத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பாஸ்டர் வீட்டு நாயாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. அவன் என்ன செய்தாலும் அது ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வந்துவிடும்.

வாலைத் துரத்திச் சுற்றினால், உலக ஆசையின் பின்னால் ஓடுகிறவன் இப்படித்தான் என்று பிரசங்கம். ஒரு நாள் வயிறு சரியில்லாமல் போனதற்கு முக்கால் மணி நேரம் பிரசங்கம். வேதத்தில் நாயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை என்பதை செவலை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான், அதுவும் எல்லார் முன்னாலும். சோற்றுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் 'காத்திருத்தல்' என்று ஒரு வீடியோ. அதை நல்ல வெளிச்சத்தில் எடுப்பதற்காகச் சோறு இருபது நிமிஷம் தாமதம். வீடியோ எல்லாம் 'நாலு கால் தியானம்' என்கிற வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரை மணிக்கு வந்து விழும்.

ஒரு நாள் வழியில் ஒரு மான் அவனை நிறுத்தினாள். "தம்பி, நீ மரத்தடியில காலைத் தூக்கினதைப் பத்தி பாஸ்டர் சொன்னாரு. எனக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு."

அன்று முழுக்க செவலைக்கு ஒன்றுக்குப் போகவே முடியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். திங்கட்கிழமை ஒரு அணிலைத் துரத்தும்போது வலது முன்னங்காலில் கருவேல முள் ஏறியது. விரலிடுக்கில் ஆழமாக ஏறி, உள்ளேயே ஒடிந்தும் போனது. செவலை மூன்று காலில் நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, முள்ளு."

பாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலைக் கையில் எடுத்தார். செவலைக்கு நம்பிக்கை வந்தது.

"செவலை, இது முள்ளு" என்றார் பாஸ்டர்.

"ஆமாய்யா. அதைத்தான் சொன்னேன்."

"மாம்சத்துல முள்ளு."

"மாம்சத்துலதான்யா. எலும்பு வரைக்கும் போயிருக்கும்னு நினைக்கேன்."

பாஸ்டர் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. "வெள்ளி, சனி, ஞாயிறு கன்வென்ஷன். தலைப்பு கிடைக்கலைன்னு ஒரு வாரமா முழங்கால்ல நிக்கேன். தலைப்பு நொண்டிக்கிட்டே வீடு தேடி வந்திருக்கு, பாத்தியா?"

"எடுத்து விட்டிருங்கய்யா. வலிக்கு."

"வேதத்துல பவுலுக்கும் ஒரு முள்ளு இருந்துச்சு. எடுக்கச் சொல்லி மூணு தடவை கேட்டாரு. எடுக்கப்படல. உனக்கு நான் எடுத்துவிட்டா, பவுலைவிட நீ பெரிய ஆளா?"

"நான் ஒரு தடவைதான்யா கேட்டிருக்கேன். இன்னும் ரெண்டு தடவை கேக்கட்டா?"

"கேளு, கேளு" என்று பாஸ்டர் செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார். "வெளிச்சத்துல வந்து கேளு."

செவலை இரண்டு தடவை கேட்டான். இரண்டாவது தடவை சரியாகப் பதிவாகவில்லை என்று இன்னொரு தடவையும் கேட்க வைத்தார்.

அவன் பல்லாலேயே முள்ளைப் பிடுங்கிவிடுவானோ என்ற பயத்தில், பாஸ்டர் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி அவன் கழுத்தில் மாட்டினார். இனிமேல் செவலை நேராக மட்டும்தான் பார்க்க முடியும். இடமும் வலமும் சாயாத பார்வை என்று செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குத் தியானம் வந்தது.

புதன்கிழமை பேனர் வைத்தார்கள். அதில் செவலையின் பாதம் யானையைவிடப் பெரிதாக இருந்தது. 'முள் தரும் பாடங்கள். மூன்று நாள் சிறப்புக் கூட்டம். முள்ளை நேரில் காணலாம்.'

ஜனங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பார்களா? ஆடுகள் கூட்டமாக வந்தன. காலைப் பார்த்தன, கண்ணை மூடின, உருகி உருகி ஜெபித்தன, கண்ணைத் திறந்து போய்விட்டன. ஒரு பன்றி தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "பாத்தியா, அண்ணன் எப்படித் தாங்குறாரு? நீ ஒரு ஊசிக்கு அந்த அழுகை அழுத" என்று பிள்ளையின் தலையில் தட்டினாள். முள்ளை எடுக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எடுத்துவிட்டால் பேனரை என்ன செய்வது?

கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. இனியும் சும்மா இருந்தால் காலே போய்விடும் என்று செவலைக்குப் புரிந்தது. காலில்லாத நாயை வைத்து எத்தனை வாரம் பிரசங்கம் பண்ணுவார்கள் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தான். நேராகச் சபைச் செயலாளரிடம் போனான். செயலாளர் ஒரு குரங்கு, பெயர் தாவீதுராஜ். காட்டிலேயே நல்ல விரல்கள் அவருக்குத்தான். கையில் பத்து, காலில் பத்து.

"அண்ணாச்சி, உங்களுக்கு விரல் இருக்கு. ஒரு இழு இழுத்தா வந்திரும்."

"இழுக்கலாம்லே. ஒரு நிமிஷ வேலை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" தாவீதுராஜ் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஜெப விண்ணப்பப் படிவம். "அப்பா பேரு எழுது."

"எனக்கு அப்பா யாருன்னே தெரியாதே அண்ணாச்சி."

"தெருநாயா?"

"காட்டுல தெரு எங்க இருக்கு?"

"வாயைப் பாரு. சரி, கோடு போட்டு விடு. பிரச்சினை என்ன? சரீரமா, குடும்பமா, பிசாசா? ஒண்ணுலதான் டிக் போடணும்."

செவலை சரீரத்தில் டிக் போட்டான். டோக்கன் எண் இருநூற்றுப் பதினாலு. வெயிலில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு ஆமை. வரிசை நகர்ந்தாலும் ஆமை நகராது. பின்னால் நின்றவர்கள் செவலையைத் திட்டினார்கள், வாளி மறைக்கிறது என்று. சாயந்திரம் ஒருவழியாக அவன் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதே தாவீதுராஜ்.

"முள்ளு எடுக்கணும்னா எழுதியிருக்கே?" என்றார், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி. "அதுக்கு ஜெபிக்க முடியாதுலே. கூட்டமே அதை நம்பித்தானே நடக்கு? வேணும்னா, வலியைத் தாங்குற பெலன் கேட்டு ஜெபிக்கலாம். ரெண்டாவது பக்கத்தைப் பூர்த்தி பண்ணிட்டு நாளைக்கு வா."

வெள்ளிக்கிழமை காலையில் செவலை சமையல் பந்தலுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தான். கன்வென்ஷனுக்கு வருகிறவர்களுக்கு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மீன் தலைகளுக்காக மரகதம் என்ற காக்கா வந்து இறங்கினாள். சபைக்கு வராதவர்கள் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருக்கும். அணில்களெல்லாம் அதற்குக் கீழேதான்.

"என்னலே, தலையில வாளி?"

செவலை எல்லாவற்றையும் சொன்னான். பவுலைச் சொன்னான், படிவத்தைச் சொன்னான், ஆமையைச் சொன்னான். மரகதம் பாதியிலேயே பொறுமை இழந்துவிட்டாள்.

"காலை நீட்டு."

"ரெண்டாவது பக்கம் இன்னும் பூர்த்தி..."

"நீட்டுலே, மூதி!"

நீட்டினான். மரகதம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கொத்து, ஒரு இழு. முள் வெளியே வந்து விழுந்தது. கூடவே சீழும் வந்தது. மரகதம் அலகை மண்ணில் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கா மூணு நாளு பந்தல்?"

செவலைக்கு அழுகை வந்தது. நாலு நாளில் அந்தக் காலைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ பேசியிருந்தார்கள். முள்ளைத் தொட்டது இவள் ஒருத்திதான். "அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அதைத்தான் கேக்கேன். என் பேரை மட்டும் அங்க சொல்லிராத. கூட்டுல நாலு குஞ்சு இருக்கு. மீன் கடை பக்கத்துலயே வீடு. நல்ல பொழப்பு. அந்த மனுஷன் கண்ணுல பட்டா நான் செத்தேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா."

"நாய்க்கு நன்றி உண்டுன்னு ஊரே சொல்லுது. பாப்போம்." ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டாள்.

செவலை நாலு காலையும் ஊன்றி நின்று பார்த்தான். பந்தலை ஒரு சுற்று ஓடினான். வாளியோடு ஒரு அணிலையும் துரத்தினான். உலகத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டான். சாயந்திரம் ஐந்து மணிக்கு அவனை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பந்தல் நிறைந்து வழிந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து மூன்று லாரி ஆடுகள் வந்திருந்தன. பாஸ்டர் ஞானசிகாமணி வெள்ளை அங்கியில் வந்து, "பிரியமானவர்களே, இதோ அந்த முள்!" என்று செவலையின் காலைத் தூக்கி செல்போன் கேமராவுக்கு முன்னால் காட்டினார்.

முள் இல்லை.

இன்னொரு காலைத் தூக்கினார். அதிலும் இல்லை. பின்னங்கால்களையும் பார்த்தார். பிறகு குனிந்து செவலையின் வாளிக்குள் முகத்தை விட்டு, "முள்ளு எங்கலே?" என்று கேட்டார். மைக் கையிலேயே இருந்ததால் மூன்று லாரி ஆடுகளுக்கும் கேட்டது.

"போயிட்டுய்யா."

"யாரு எடுத்தா?"

செவலை பேசவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறானே. தரையைப் பார்த்தான். வாளிதான் தெரிந்தது.

பாஸ்டர் நிமிர்ந்தார். அரை நிமிஷம் அவர் முகம் அடுப்பில் வைத்து மறந்த பால் மாதிரி இருந்தது. அப்புறம் பொங்கியது. "பிரியமானவர்களே! முள் போய்விட்டது. ஆனால் செவலையைப் பாருங்கள்! மௌனம்! பாடுகளுக்குப் பின் மௌனம்! இந்த மௌனத்தில் எத்தனை பாடங்கள்!"

"ஸ்தோத்திரம்!" என்றன ஆடுகள்.

"இன்று முதல் நாற்பது நாள் தொடர் கூட்டம்! 'நாயின் மௌனம்'! நாற்பது நாளும் நம் செவலை வாய் திறக்க மாட்டான்!"

"ஆமென்!"

"வாய் திறக்காததால் சாப்பிடவும் மாட்டான்! நாற்பது நாள் உபவாசம்!"

"அல்லேலூயா!"

மேடைக்குக் கீழே தாவீதுராஜ் புது பேனருக்கு ஆர்டர் கொடுக்க போனை எடுப்பதை செவலை பார்த்தான். பின்பக்கத்திலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. மரகதத்தை நினைத்தான். அவள் அலகை மண்ணில் துடைத்ததை நினைத்தான். நாலு குஞ்சுகளை நினைத்தான். நாயின் நன்றி என்பது லேசான விஷயம் இல்லை. முழுதாக மூன்று விநாடி போராடினான்.

"காக்காய்யா" என்றான்.

"எந்தக் காக்கா?"

"மரகதம்னு பேரு. மீன் கடைக்குப் பின்னால வேப்பமரம். இடது பக்கம் மூணாவது கிளை. காலையில ஆறு மணிக்குப் போனா கட்டாயம் இருப்பாங்க."

பாஸ்டர் கையிலிருந்து மைக் நழுவப் பார்த்தது. "காகம்!" என்றார். "எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுவந்தது யார்? காகம்! இன்றைக்கு நம் மத்தியில், நம் மீன் கடைக்குப் பின்னால், ஒரு காகம்!"

பந்தலே எழுந்து நின்றது. செவலையை யாரும் பார்க்கவில்லை. அவன் மேடையை விட்டு இறங்கினான். வாளியைத் தூணில் தேய்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையல் பந்தலுக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் செல்போன் ஸ்டாண்டு நின்றது. மரகதம் மீன் தலை திருடினால் 'அனுதின அப்பம்'. கத்தினால் 'இடைவிடாத ஜெபம்'. "கறுப்பாக இருந்தும் இவள் உள்ளம் எவ்வளவு வெண்மை!" என்று பாஸ்டர் சொன்னபோது அவள், "இருந்தும்னா என்ன வே அர்த்தம்?" என்று கேட்டாள். அதற்கு 'தேவ பிள்ளைகளின் வைராக்கியம்' என்று தலைப்புப் போட்டார்கள். அடுத்த வாரம், தத்தெடுத்தலின் மேன்மையைப் பற்றிப் பேசும்போது, அவள் கூட்டில் இருக்கும் மூன்றாவது குஞ்சு குயில் என்று பாஸ்டர் சபைக்கே விளக்கிச் சொன்னார். அதுவரை அது மரகதத்துக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் செவலை வேப்பமரத்தின் பக்கமாகப் பதுங்கிப் போனான். மரகதம் கூட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இறகெல்லாம் கலைந்து, பத்து நாள் தூங்காதவள் மாதிரி இருந்தாள்.

"வந்துட்டியா, நன்றி கெட்ட பயலே."

"நாப்பது நாள் சாப்பாடு இல்லன்னு சொன்னாங்கக்கா."

"என்னை ஈஸ்டர் வரைக்கும் புக் பண்ணியிருக்காங்கலே."

செவலை தலையைத் தொங்கப் போட்டான். மனசார வருந்தினான். "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றான்.

மரகதம் ஏதோ சொல்ல அலகைத் திறந்தாள். அது நல்ல வார்த்தையாகவும் இருந்திருக்கலாம். அதற்குள் பக்கத்துப் புதர் பெரிதாக அசைந்தது. ஒரு கரடி முகமும் ஒரு செல்போனும் வெளியே வந்தன.

"மன்னிப்பு!" என்றார் பாஸ்டர் ஞானசிகாமணி, ஆனந்தக் கண்ணீரோடு. "அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்!"

செவலை நிற்கவில்லை. நாலு காலும் நன்றாக வேலை செய்தன. மரகதமும் பறந்திருப்பாள். ஆனால் கூட்டில் குஞ்சுகள் இருந்தன, ஒன்று குயிலாக இருந்தாலும்.

நீதி: உங்கள் காலில் இருந்து முள் எடுத்தவரை ஒருநாளும் மறக்காதீர்கள். பெயர், முகவரி, வீட்டில் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருங்கள். என்றைக்காவது யாரிடமாவது கொடுக்க வேண்டி வரும்.