வடகரப்பதி வீரன் சவாரி மறுத்த படலம்

வாழ்க பூபதிராஜா! மலையாள நாட்டு எல்லையோரத் தமிழூராம் வடகரப்பதியின் தென்னந்தோப்புத் தனிப்பெருந்தலைவன், மாட்டுக்கொட்டகை வரை போவதற்கும் எக்செல் வண்டியை உதைத்துக் கிளப்பும் ஊர்திச்செல்வன், இடதுமுட்டியால் மழைவரவை அறிவிப்பவன், வலதுமுட்டியால் அதை வழிமொழிபவன், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இப்பூமியில் வாழ்ந்தும் அதன்மேல் கால்பதித்து நோகச்செய்யாத கருணையாளன், வாழ்க! அத்தகையோன் ஒருநாள் மாலை, கணவாய்க் காற்று பனைமரங்களின் தலைமயிரைப் பற்றி உலுக்கிக்கொண்டிருந்த வேளையில், தன் வீட்டுவாசலில் இருந்து கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தன்னிரு தாள்களாலேயே நடந்துபோய், தன்னிரு தாள்களாலேயே நடந்து திரும்புவேன் என்று வஞ்சினம் கூறிப் புறப்பட்ட பெருங்கதையைச் சொல்லத் தொடங்குகிறோம். காற்றே, சற்றுத் தணிக. தெருநாய்களே, வால்மடக்கி அமர்க. மணல் லாரிகளே, ஒதுங்கி வழிவிடுக. விடமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்பது முறை.

வஞ்சினத்துக்கு மூலகாரணம் கடல்கடந்து இருந்தது. மகள் ஜீவிதா, இங்கிலாந்தின் தென்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷமாக நேரில் முகம் காட்டாதவள், இந்த மே மாதம் அப்பனுக்கும் அம்மாளுக்கும் டிக்கெட் போடுவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வாரம் லீவு. அந்த வாரத்தை அவள் எப்படிக் கழிக்க நினைத்தாள் என்பதை வீடியோ காலில் கூடிய பேரவையில் அறிவித்தபோது பூபதிராஜாவின் செவிகள் நம்ப மறுத்தன. கடலோரமாக வெள்ளைவெளேரென்று எழுந்து நிற்கும் சுண்ணாம்பு மலைகளாம். அவற்றின் முகட்டிலே புல்வெளியாம். பகலெல்லாம் நடப்பதாம், பொழுதுசாய்ந்தால் ரூமுக்குத் திரும்பித் தூங்குவதாம், விடிந்தால் மறுபடி நடப்பதாம்.

"சுண்ணாம்பு மலையா?" என்றான் வாளையார்ப் பக்கத்துக் கல்லுடைப்பை எல்லாம் கண்டு வளர்ந்த வீரன். "அதை இன்னும் உடைக்காம உட்டு வெச்சிருக்காங்களா?"

"அதை யாரும் உடைக்க மாட்டாங்கப்பா. அது மேல நடப்பாங்க."

"நடந்து?"

"நடந்துட்டுத் திரும்பி வருவாங்க."

பூபதிராஜா இதை யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் இடி விழுந்தது. "உங்களால முடியாதுப்பா. அம்மா தெனமும் கோயிலுக்கு நடக்கறவங்க, அவங்களைக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் மாமாவும் ரூம்ல இருங்க. இல்லாட்டி வயசானவங்களுக்குன்னு ஒரு பஸ் டூர் இருக்குது."

மாமா என்பவர் நல்லேப்பிள்ளி காளிச்சாமி. ஜீவிதாவின் மாமனார், பூபதிராஜாவின் சம்பந்தி, அதே விமானத்தில் வரவிருப்பவர். "நடக்கறதுக்காக நான் பிளேன் ஏறி வல்லீங்க" என்று முன்னமே பிரகடனம் செய்துவிட்டவர். பித்தப்பைக் கல்லை எடுத்த தன் ஆபரேஷன் வரலாற்றை, ஆஸ்பத்திரியில் காரை எங்கே நிறுத்தினார்கள் என்பதிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் சொல்லவல்ல நாவலர். மூன்று வருஷம் காணாத மகளை ராத்திரிச் சோற்றுவேளையில் மட்டும் கண்டு, பகல் முழுவதையும் அந்தப் பித்தப்பையோடு கழிப்பதா? பூபதிராஜா நாற்காலியை விட்டு எழுந்தான். முட்டிகள் இரண்டும் வெடித்தன, முரசு அறைந்ததுபோல.

"நானும் நடப்பேன்!"

மகள் நர்ஸ் அல்லவா, சொல்லை நம்பும் வர்க்கம் அல்ல. விதி வகுத்தாள். "போன்ல லைவ் லொகேஷன் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. நான் இங்கிருந்து புள்ளியைப் பாத்துட்டே இருப்பேன். புள்ளி ஓடுச்சுன்னா வண்டின்னு தெரிஞ்சுக்குவேன். அப்பறம் பஸ் டூர்தான்."

இவ்வாறாக, சட்டைப்பையில் காட்டிக்கொடுக்கும் புள்ளியோடு, காலில் மருமகன் போனமுறை விட்டுச்சென்ற பழைய கான்வாஸ் ஷூவோடு, களம் புகுந்தான் காவலன்.

அவன் பகை வெயில் அல்ல, தூரம் அல்ல, மூட்டுவலியும் அல்ல. அவன் பகை ஊராரின் அன்பு. வடகரப்பதியில் தோப்புக்காரன் ஒருவன் ரோட்டில் நடந்துபோனால் அதற்கு மூன்றே பொருள்: பெட்ரோல் தீர்ந்தது, வீட்டில் சண்டை, அல்லது வண்டியை பேங்க்காரன் தூக்கிப்போய்விட்டான். மூன்றுமே பரிதாபத்துக்குரியவை. அப்படிப்பட்டவனை ஏற்றிக்கொள்ளாமல் கடந்துபோவது பாவம், ஏற்றுகிறேன் என்றவனிடம் மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய பாவம்.

முதற்போர் டிராக்டரோடு. புழுதிப்படலம் முன்னே வர, கொழு பின்னே குலுங்க, மதங்கொண்ட களிறுபோலப் பிளிறிவந்து நின்றது அது.

"ஏறுங்ணா!"

"இல்ல சாமி, நடக்கறேன்."

"ஏனுங், வண்டி என்னாச்சு?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது."

டிராக்டர்க்காரன் எஞ்சினை அணைத்தான். குரலைத் தாழ்த்தினான். "அப்ப... அக்காகூடங்களா?"

ஊடலால் ஊரைவிட்டுப் போகிறவன் என்ற பழியைத் தன் தலைமேல் சுமந்தபடி, களிற்றைக் கடந்து சென்றான் வீரன்.

இரண்டாம் போர் குளிர்காற்றோடு. வார்டு மெம்பரின் வெள்ளைக்கார் மெல்ல வந்து ஒட்டியது. கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து ஏசிக்காற்று, தவம் கலைக்க வந்த மோகினியின் மூச்சென, அவன் வியர்த்த கன்னத்தை வருடியது. பின்சீட்டின் மெத்தை அவனைப் பெயர்சொல்லி அழைத்தது. கை தானாகக் கதவை நோக்கி நீண்டது. அக்கணத்தில் காளிச்சாமியின் பித்தப்பை, கல்லோடு கூடிய முழு உருவில், மனக்கண்முன் தோன்றிற்று. கை மடங்கியது. "நீங்க போங்க மெம்பரே" என்று அவன் சொன்ன சொல் வெறும் மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டையை இழந்தான்.

மூன்றாவது வந்தது இளநீர் ஏற்றிய பிக்கப். ஓட்டிவந்தவன் வேலந்தாவளத்துக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கத்து வாலிபன். இங்கேதான் வீரன் பிழைசெய்தான். அப்பிழை ஒரே ஒரு சொல்லால் ஆனது.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அவதி என்றால் லீவு. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் அதே அவதி வெறும் துன்பம். ஜீவிதா மலையாளத்தில் படித்தவள். "இது நடைக்குன்னே எடுத்த அவதிப்பா" என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தச் சொல் தகப்பனின் நாவில் வாள்போல மின்னிக்கொண்டிருந்தது. எங்கே, யாரிடம் அதைச் சுழற்றுகிறோம் என்று பார்க்கவில்லை.

"ஏனுங்கய்யா நடந்து போறீங்க?"

"நமக்கு நடை அவதி, தம்பி."

வாலிபனின் முகம் வாடியது. "எத்தனை நாளாங்கய்யா?"

"இனிமேத்தான். மொத்தம் ஒரு வாரம்."

"டாக்டரே சொல்லிட்டாருங்களா?"

"மக சொன்னா. அவ நர்ஸு."

"ஒரு வாரந்தானுங்களா..." வாலிபன் எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்கய்யா, ஊட்டுல கொண்டுபோய் எறக்கி உட்டர்றேன்."

"வேண்டாம். நடந்தாத்தான் மக கூட்டிட்டுப் போவா."

இதற்குமேல் கேட்க அந்த வாலிபனுக்கு நெஞ்சு இல்லை. ஓர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பித்திரும்பிப் பார்த்தபடி போனான்.

பூபதிராஜா பஸ் ஸ்டாண்டை அடைந்தான். ஆம், அடைந்தான்! வெற்றிக்கொடி நாட்ட இடமில்லாததால் ஒரு டீ குடித்தான். அவன் டீ குடித்த பொழுதில், பிக்கப் ஏவிய அம்பு ஊருக்குள் பாய்ந்தது. பேக்கரியில் 'அய்யனுக்கு நடக்க அவதியாம்' என்று புகுந்த செய்தி, பால் சொசைட்டியில் 'ஒரு வாரம்தான் கெடு' என்று வளர்ந்து, ரேஷன்கடை முனையில் 'ரோட்டோரம் விழுந்து கிடக்கிறான்' என்று பருத்து, கடைசியில் எந்தக் காதில் விழக்கூடாதோ அந்தக் காதில் விழுந்தது.

அந்தக் காது பொங்கியண்ணனுடையது. பூபதிராஜாவின் பெரியப்பன் மகன், பக்கத்துத் தோப்புக்காரன். இரண்டு தோப்புக்கும் நடுவரப்பில் ஒரு தென்னை, வேரை ஒருபக்கம் வைத்துத் தலையை மறுபக்கம் சாய்த்து நிற்கிறது. விழுகிற காய் யாருக்கு என்ற வினாவால் அண்ணன் தம்பிக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. ஜீவிதாவின் கல்யாணத்தன்று மண்டபத்து வாசல்வரை வந்து, வண்டியை அணைக்காமலே நின்றுவிட்டுத் திரும்பிப்போனவன் அவன்.

திரும்பும் வழியில் பாதித்தூரம் கடந்திருந்தான் வீரன். ஆடுகளை மேய்ச்சலிலிருந்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு அண்டைவீட்டுச் சுப்பாத்தாள் முன்னே போய்க்கொண்டிருந்தாள். அப்போது எதிரே, புகைகக்கிப் புழுதிகிளப்பி, பிரேக் பிடிக்காத காரணத்தால் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து, வந்து நின்றது ஒரு கிழட்டு மொபெட்.

"என்றா பூபதி," என்றான் பொங்கியண்ணன். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. கண் சிவந்திருந்தது, காற்றாலும் இருக்கலாம். "உளுந்து கெடக்கறீன்னு சொன்னானுக. ஏறு."

போர்க்களத்தில் எத்தனையோ பேர் வாளுக்கு அஞ்சியிருப்பர். இந்த 'ஏறு'வுக்கு முன்னே வாள் எம்மாத்திரம்! ஏறினால் புள்ளி ஓடும், மகள் போவாள். ஏறாவிட்டால் அண்ணன் போவான், இனி ஒருநாளும் வரமாட்டான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னாலோ, பொய்ச்சேதி கேட்டுப் பதறி ஓடிவந்தேனே என்ற வெட்கத்தில் அந்தத் தென்னையையே வெட்டிச்சாய்ப்பான். வீரன் வடக்கே பார்த்தான், தெற்கே பார்த்தான், ஆடுகளைப் பார்த்தான். பிறகு, எந்தக் காலில் வலி என்று முடிவுசெய்ய ஒரு கணம் எடுத்துக்கொண்டு, இடதுகாலை இழுத்து இழுத்துச் சுப்பாத்தாளிடம் போனான்.

"சுப்பாத்தா, இந்தப் போனைக் கையில வெச்சுக்க. மெதுவா நடந்து போயி எங்கூட்டுல குடுத்துரு."

"குடுக்கறேனுங்ணா. ஆனா ஆடுக போற பக்கந்தான் நான் போவேன், சொல்லிப்போட்டேன்."

அவள் சொன்னதில் இரண்டாம் பாதி மொபெட்டின் இரைச்சலில் மூழ்கிப்போயிற்று.

வீட்டில் மனைவி பிரதீபா இருவரையும் ஒரே வண்டியில் பார்த்தாள். நாற்காலி போட்டாள், காப்பி கொண்டுவந்தாள். பொங்கியண்ணன் உட்கார்ந்தான். பூபதிராஜா, அண்ணன் கண்ணுக்காக, இடதுகாலை முக்காலிமேல் தூக்கிவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் நலமாகவே நடந்தது, பிரதீபாவின் போன் அலறி, அவள் ஸ்பீக்கரைத் தட்டும் வரை.

"அம்மா! அப்பாவைப் பாத்தீங்களா? ரோட்டை உட்டு எறங்கிக் காட்டுக்குள்ள பூந்துட்டாரு! ஓடையைத் தாண்டியாச்சு! இப்ப பாறை மேல ஏறறாரும்மா!"

திண்டாடியது திசை எட்டும். எண்ணெய்க்கை முட்டிமேலேயே உறைந்தது. பிரதீபா கணவனைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், மொபெட்டைப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு ஆறு வருஷம் கழித்து ஓர் ஆள் வந்து காப்பி குடிக்கிறான். "ஆமா கண்ணு," என்றாள். "நான் அவரைப் பாத்துட்டேதான் இருக்கறேன்."

"உச்சிக்கே போயிட்டாரு! சித்தெ நிக்கறாரு. மூச்சு வாங்குவாரு போல."

ஆடுகள் தழை கடித்துக்கொண்டிருந்திருக்கும். பொங்கியண்ணன் போனைப் பார்த்தான். எண்ணெய் மினுங்கும் முட்டியைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். தம்பி முகத்தில் படிப்பதற்கு நிறைய இருந்தது, அவன் படித்தான். பொய்யான கால்வலி ஒன்றுக்காகப் பதறி வந்தவன் என்று எழுந்துபோக அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது, வண்டியும் வாசலிலேயே இருந்தது. அவன் காலி டம்ளரை நீட்டினான்.

"இன்னொரு டம்ளர் ஊத்து பிரதீபா. பாறை ஏறுனவனுக்கும் ஒண்ணு குடு."

அப்புறம்தான் மகளின் பேராணை முழங்கிற்று. "அம்மா, நான் பஸ் டூரைக் கேன்சல் பண்ணிட்டேன். சுலபமான ரோடு ஒண்ணு பாத்து வெச்சிருந்தேன், அதுவும் வேண்டாம். பாறையே ஏறறவருக்கு என்ன? கடலோரம் ஏழு குன்று இருக்குது. ஒண்ணு விடாம நடக்கறோம். மாமா ரூம்ல இருக்கட்டும். நானும் நீங்களும் அப்பாவும்!"

வென்றான் பூபதிராஜா! பித்தப்பையை வென்றான், வரப்புத் தென்னையை வென்றான், பகலெல்லாம் மகளின் பக்கத்தில் நடக்கும் உரிமையை வென்றான்! கேளுங்கள், கடலுக்கு அப்பால் அந்த ஏழு வெண்குன்றுகளும், ஏறினால் இறங்கவும் இறங்கினால் ஏறவும் வைக்கும் அந்த வெள்ளைப் பகைவர்கள் எழுவரும், அலையைப் பறையாக அறைந்து, உப்புக்காற்றைச் சங்காக ஊதி, ஆட்டு மந்தையின் கால்களால் பெற்ற புகழை இனித் தன் சொந்த முட்டிகளால் காத்தாகவேண்டிய வடகரப்பதி வேந்தனை, வா, வா என்று வரிசைகட்டி நின்று அழைக்கின்றன!

மறுநாள் காலையில் பூபதிராஜா நடக்கப் போனார்.