இரும்புக்கட்டி இறங்கிய வாளிப்போர்

பதினான்காம் தேதி, புதன். நேற்று மாலை வகுப்பில் ஒரு தவறு செய்தேன். தொட்டியில் மிதக்கும் கிண்ணத்துக்குள் ஒரு கல் இருக்கிறது. அதை எடுத்து நீருக்குள் போட்டால் தொட்டியின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா என்று ஆசிரியை கேட்டார். ஏறும் என்றேன். இறங்கும் என்பதே சரி. கிண்ணத்தில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்குகிறது. மூழ்கியபின் தன் பருமன் அளவுக்கு மட்டுமே ஒதுக்குகிறது. இருமுறை சரிபார்த்துவிட்டேன். இன்று வீட்டில் நடந்ததை உள்ளபடி எழுதிப் பார்த்தேன். மிகவும் சிறியதாகத் தெரிந்தது. ஆகவே பெரிதாக எழுதுகிறேன்.

வாழ்க, மாலைக்கல்விப் பெருங்கடலில் கணுக்கால் நனைத்த காளை! வாழ்க, கூர்தீட்டிய பென்சிலை வேலென ஏந்தி, ஐயமென்னும் கவசத்தை உறக்கத்திலும் கழற்றாத உத்தமன்! அவ்வீரன் வாழ்ந்த இல்லத்தில் மேசை ஒன்றே. அதன் ஒருபுறம் அவனது நூற்படையும், மறுபுறம் தையற்பேரரசியாம் தமக்கையின் துணிப்படையும் பாசறை அமைத்திருக்க, தேர்வு ஒரு திங்கள் தொலைவில் முரசறைந்து வர, தைக்கவேண்டிய சீருடைகளோ மலையெனக் குவிய, இருபடைக்கும் இடம் போதாதாயிற்று. புதிரைக் கேட்ட தமக்கை வஞ்சினம் கூறினாள்:

"இரும்பு உள்ள போனா தண்ணி ஏறத்தாண்டா செய்யும். நேத்து நீயே அப்படித்தானே சொல்லிட்டு வந்த! ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் ஒரு மாசம் மேசை எனக்கு. சிந்தலேன்னா உனக்கு."

சமையலறையே களமாயிற்று. வெங்காயம் உரித்த கையோடு அன்னை நடுவராய் அமர்ந்தாள். விளிம்பு ததும்ப நின்ற நீலவாளியில், தமக்கை துணி நழுவாதிருக்க வைக்கும் இரும்புக்கட்டியைச் சுமந்து, பகைவர் கோட்டை அகழியில் தனித்த போர்க்கலம்போல் மிதந்தது கிண்ணம். வீரன் கட்டியைத் தூக்கினான். நீர் நாணித் தாழ்ந்தது. அவ்வேளை எழுந்தது நடுவரின் ஆணை:

"தொப்புன்னு போட்டுடாதடா! வாளி உடைஞ்சா வேற வாளி இல்ல."

அன்னை சொல் தட்டாத அண்ணல், கட்டியைப் பச்சிளங்குழவியைத் தொட்டிலில் கிடத்துவான்போல் கையிலேந்தி, மணிக்கட்டு மூழ்க, முழங்கை மூழ்க, மெல்ல மெல்ல அடித்தளம் நோக்கி இறக்கினான். அந்தோ! எடையைக் கணித்தான், பருமனைக் கணித்தான், தன் கையும் நீரை ஒதுக்கும் என்பதைக் கணித்தானில்லை! தாழ்ந்த நீர் சினந்தெழுந்து, கரை கடந்து, தரையெங்கும் பரந்து, நடுவரின் பாதங்களையும் நனைத்தது.

"சிந்திடுச்சு!" என்று ஆர்த்தாள் தமக்கை.

கையை வெளியே எடுத்து, "கை கணக்குல வராதுக்கா! இப்ப பாரு, மட்டம் எவ்ளோ இறங்கியிருக்கு!" என்று முழங்கினான் வீரன்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தாள் அவள். நெடுநேரம் பார்த்தாள்.

"இறங்கித்தான் இருக்கு. நீ சொன்னது சரிதான். ஆனா பந்தயம் சொட்டுக்குத்தானே?"

அகிலம் நடுங்க அனைவரும் அன்னையை நோக்கினர். ஈரப்பாதம் இரண்டையும் ஒருமுறை குனிந்து நோக்கிய அந்நீதிநாயகி, வேறு சான்று வேண்டாதவளாய், அருகிருந்த தரை துடைக்கும் துணியை எடுத்து வீரன் தோள்மீது வெற்றிமாலைபோல் சாத்தினாள்.

நாளை வகுப்புக்குப் போகும் முன் மேசையிலிருந்து என் புத்தகங்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும்.