நோட்டீசில் மாமாவின் முகம்

நோட்டீசுக்கு ஒரு முகம் வேண்டும். கிளிநொச்சி முழுக்க அலைந்தும் வீரகத்திக்கு அது அகப்படவில்லை.

புதிதாகத் திறந்த படம் பிடிக்கிற ஸ்ரூடியோவுக்கு நோட்டீஸ் என்றால் முகம் இல்லாமல் சரிவருமா? மாமனார் இளையதம்பியர் வேறு கெடு வைத்திருந்தார். அவர் வீட்டு முன்னறைதான் ஸ்ரூடியோ. அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குள் அதில் சனம் ஏறவேண்டும். இல்லையென்றால் கமெராவை விற்றுவிட்டு மருமகன் மண்வெட்டி பிடிக்கவேண்டும். வீரகத்தியோ மூக்கை அறுத்துக் கொடுத்தாலும் கமெராவைக் கொடுக்கிற ஆள் இல்லை.

குமர்ப்பிள்ளையின் முகம் கடதாசியில் வந்தால் கலியாணம் குழம்பும் என்று தாய்மார் கதவைச் சாத்தினார்கள். ஆண்கள், தாங்கள் என்ன எலெக்சனா கேட்கிறோம் என்று நழுவினார்கள். மாமனாரின் தம்பி சிற்றம்பலத்தார் நல்ல முகவெட்டுக்காரர்தான். ஆனால் அண்ணன் வயல் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தம்பி வயல் அந்தப் பக்கம். தண்ணீர் முறையில் கொளுவுப்பட்ட நாள்முதல் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. இவர் வாசலை அவர் மிதித்து வருசக்கணக்கு.

மனைவி பத்மாசனிதான் வழி சொன்னாள். "அப்பாவின்ரை படம் ஒண்டு நீங்கள் எடுத்தது கிடக்குத்தானே."

"அவர் ஏசுவாரப்பா."

"கேட்டால்தானே ஏசுவார்."

படத்தோடு வீரகத்தி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினான். அச்சகத்தில் மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தால் மாமாவின் முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. சுற்றிவர ஒரு கரை போடச் சொன்னான். தடித்த கறுப்புக் கரை மட்டுந்தான் கையில் இருக்கிறது என்றார் எழுத்துக் கோர்க்கிறவர். கறுப்பென்றால் என்ன, எடுப்பாக இருக்கும் என்றான் வீரகத்தி.

அடுத்தது, இது யார் என்று சனம் கேட்குமே? பெயர் போடவேண்டும். 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்ற வரி ஏற்கெனவே கோர்த்துத் தயாராக இருந்தது. ஊர்ப்பெயரை மாற்றினால் போதும். இலட்சணமான தமிழ் என்று வீரகத்திக்குப் பிடித்துப்போயிற்று. மங்களத்துக்கு உச்சியில் சிவமயம். அடியில், வெள்ளிக்கிழமை காலை உற்றார் உறவினர் அனைவரும் வீட்டுக்கு வருமாறு வேண்டுகோள். மிஞ்சிய இடத்தில் ஸ்ரூடியோவின் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது.

தானே சந்தியில் நின்று கொடுத்தான். என்ன மரியாதை! ஒருவர்கூடக் கசக்கி எறியவில்லை. சால்வையை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார்கள். தேத்தண்ணிக் கடைக் கலந்தர் காக்கா வாசித்துவிட்டு ஒரு பலகைக் கதவைச் சாத்தினார். வந்து வீரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனிசன், தம்பி."

"ஓம் காக்கா. படத்திலை இன்னும் நல்லாயிருக்கிறார்."

வெள்ளிக்கிழமை விடிய முற்றம் கொள்ளாத சனம். முள்ளியவளையிலிருந்துகூட வந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி. படத்துக்கு வெள்ளை அவ்வளவு எடுபடாதே என்று மட்டும் வீரகத்திக்கு ஒரு சின்னக் குறை. பெண்கள் பத்மாசனியைக் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். ஏனென்று தெரியாமலே அவளும் அழத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலிலிருந்து வந்து சேர்ந்தார் இளையதம்பியர்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அவர் யாரோ ஒருவரின் கையிலிருந்த நோட்டீசைப் பறித்து வாசித்தார். கறுப்புக் கரையை விரலால் ஒருக்கால் சுற்றிவந்தார்.

"கொண்டுவா அந்தக் கமெராவை."

வீரகத்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "என்னை வேணுமெண்டால் வயலிலை புதையுங்கோ மாமா. இதைத் தரமாட்டன்."

மண்வெட்டி உயர்ந்தது. அப்போது சனத்துக்குள்ளிருந்து "அண்ணை" என்று ஒரு குரல் உடைந்தது. சிற்றம்பலத்தார் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு விம்மினார். மண்வெட்டி கீழே விழ, இளையதம்பியரும் அழுதார்.

கன நேரம் கழித்துச் சால்வையால் முகத்தைத் துடைத்தார். வந்த சனத்தை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, எல்லாரையும் நிற்பாட்டி ஒரு படம் எடு, வீட்டுக்கு ஒன்று போகட்டும் என்று மருமகனுக்குக் கட்டளையிட்டார். கமெரா பிழைத்தது. சனம் அங்கேயே தனிப்படத்துக்கும் நாள் கேட்கத் தொடங்கியது.

அண்ணனும் தம்பியும் நடுவில் கதிரை போட்டு இருந்தார்கள். சிற்றம்பலத்தாரின் நாடியை நிமிர்த்தப் போன வீரகத்தி, அவருடைய காதுக்குள் மன்னிப்புக் கேட்டான்.

"என்னாலை உங்களுக்கு வீண் கவலை, சின்ன மாமா."

சிற்றம்பலத்தார் தலையை அசைக்காமல் மெதுவாகச் சொன்னார்:

"என்ன கவலை? விடிய உன்ரை மாமா வாய்க்காலிலை குளிக்கேக்கை நான் கண்டனான். செத்த வீட்டுக்கெண்டால்தானே, தம்பி, ஒருத்தரும் கூப்பிடாமல் வரலாம்."