அப்படீங்களா அண்ணனும் ஆபீஸ் பலாமரமும்

கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது ஊருக்கே தெரியும். அதை நம்பாமல் நடந்தே போய் எண்ணிப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ரோடு ஆபீஸ் இன்ஸ்பெக்டர். எண்ணி முடித்து எழுபதுதான் என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனதாம். இறங்கும்போது எத்தனை வருகிறது பார்க்கலாம் என்று மறுநாளைக்கும் லீவு எழுதிக் கொடுத்தாராம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் அப்படீங்களா அண்ணன். யார் எதைச் சொன்னாலும் கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அப்படீங்களா?" என்பார். மழை வரும்போல இருக்கிறது என்றாலும் அப்படீங்களா. அவருக்கே பேரன் பிறந்திருப்பதாகப் போன் வந்தபோதும் அதேதான் சொன்னார்.

மலைமேல் இருந்த அந்த ஆபீஸில் நான் வரைபடம் நகலெடுக்கும் வேலையில் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். அடிவாரத்தில் எங்கள் அத்தாவுக்கு ஒரு சின்ன இரும்புக்கடை. அண்ணன் அங்கே டேப் வாங்க வந்த கதையை அத்தா கடைசிவரை சொல்லிச் சிரித்தார். புது டேப்பை இன்னொரு டேப்பால் அளந்தார். அந்த இரண்டையும் மூன்றாவது டேப்பால் அளந்தார். மூன்றும் ஒத்துப்போனதும், "ஏனுங்க பாய், மூணும் ஒரே கம்பெனிங்களா?" என்று கேட்டுவிட்டு, வாங்காமலே போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் வாழ்ந்த காலத்தில்தான் கீழே கோட்ட அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அண்ணன் கம்ப்யூட்டரையும் நம்பவில்லை, அது நின்றுவிடும் என்பதையும் நம்பவில்லை.

எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் ஒரு சிற்றூருக்குப் புது ரோடு போடும் வேலை எங்கள் தலையில் விழுந்திருந்தது. நடுவில் ஒரு ஓடை. அதைத் தாண்ட ரோட்டுக்கு அடியில் மூன்றடிக் குழாய் பதித்தால் போதும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது. என்ஜினீயர் சார் இளைஞர், அந்தத் தாளை ஆசையாகத் தடவிக் காட்டினார். அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நம் ஓடையைக் கம்ப்யூட்டர் எங்கே வந்து பார்த்தது என்றும் கேட்டார். அது எதையும் பார்க்க வேண்டியதில்லை, நம் ஆபீஸ் வளாகத்து மழைமானியில் இத்தனை வருஷமாகக் குறித்த மழை அளவை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று சார் விளக்கினார். அது அவர் செய்த தவறு. சந்தேகம் கம்ப்யூட்டரை விட்டு இறங்கி வாட்ச்மேன் மேல் ஏறிக்கொண்டது.

தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது வாட்ச்மேன்தான். அண்ணன் ஒரு வாரம் தார் டிரம்முக்குப் பின்னால் பதுங்கி அவரைக் கண்காணித்தார். பாவம், வாட்ச்மேன் ஒரு சொட்டுக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர். அந்த ஏமாற்றத்திலிருந்து மீள அண்ணனுக்கு இரண்டு நாள் ஆனது. பிறகு அளக்கும் கண்ணாடிக் குவளையைச் சந்தேகப்பட்டார். அதிலும் குற்றம் இல்லை.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. மழைமானி ஒழுகுகிறதா என்று பார்க்க அதன் பக்கத்திலேயே போய் நின்றவர், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் சட்டையத் தொட்டுப் பாரு."

தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். தலைக்கு மேலே எங்கள் ஆபீஸ் பலாமரம் இலைகளை விரித்து நின்றது. மழைமானி வைத்த காலத்தில் முழங்கால் உயரக் கன்றாக இருந்திருக்கும். அது வளர வளர மலையில் மழை குறைந்துகொண்டே வந்ததாக நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு சங்கடம். அந்த மரத்துப் பழம் தேனேதான். என்ஜினீயர் முதல் வாட்ச்மேன் வரை அதற்கு அடிமை. எல்லாரையும்விடப் பெரிய அடிமை அண்ணன். உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் வாயில் போட்ட ஒரே பொருள் அந்தச் சுளைதான்.

அதனால் முதலில் மரத்தை விட்டுவிட்டு, வெட்டவெளியில் ஒரு வாளியை வைத்து அளந்தார். மழைமானியைப்போல இரண்டு மடங்கு மழை. எழுதி அனுப்பினோம். வாளி அரசாங்கக் கருவி அல்ல என்று பதில் வந்தது. குழாய்களும் வந்து இறங்கிவிட்டன. பேசாமல் பதித்துவிடலாம் என்றார் சார்.

அந்த ஊரிலிருந்து மிளகு பயிரிடும் ஓர் அம்மாள் வந்து, ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததே இல்லை, சீக்கிரம் வேலையை முடியுங்கள் என்று சத்தியம் செய்தார். அண்ணன் அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கே போனார். கரையில் ஒரு சில்வர் ஓக் மரம். அதன் கவையில், அவர் தலைக்கும் மேலே, காய்ந்த மரவள்ளிக் குச்சிகள் சிக்கிக் கிடந்தன.

"இத யாரு அம்மணி இங்க கொண்டாந்து வச்சது?"

அந்த அம்மாள் உடைந்துவிட்டார்.

"தண்ணிதானுங்க கொண்டாந்துச்சு. பெரிய பாலம்னா இன்னொரு வருசம் ஆவும்னு பயந்து பொய் சொல்லிட்டனுங்க. எம்மவளுக்கு மாசம் ஏழுங்க. அவளக் கம்புல தூளி கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோணுமாங்க?"

அண்ணன் வாயிலிருந்து அப்படீங்களா வரவில்லை. நான் அறிந்து அதுவே முதல் தடவை. வழியெல்லாம் மண்ணைப் பார்த்தபடியே நடந்து வந்தார்.

மறுநாள் காலை அரிவாளோடு பலாமரத்தில் ஏறி, மழைமானியின் மேல் கவிந்திருந்த கொப்புகளை வெட்டித் தள்ளினார். காய் பிடிக்கிற கொப்புகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆபீஸில் ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் குழாயைப் பதிக்க விடாததால் வேலை நின்றது. அந்த ஊர்க்காரர்கள் அவரைத் திட்டாத நாளில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் மழைமானியில் அளவு எகிறியது. திடீரென்று இவ்வளவு மழை எப்படி என்று கீழேயிருந்து விளக்கம் கேட்டார்கள். "பலாமரம்" என்று சார் ஒரே வார்த்தையில் பதில் எழுதினார். கம்ப்யூட்டர் மறுபடி கணக்குப் போட்டு, குழாய் போதாது, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கான்கிரீட் பாலம் வேண்டும் என்றது. ஆனால் அது அடுத்த வருஷம்தான்.

அந்த அம்மாளின் மகளுக்கு நர்ஸ் சொன்ன பிரசவத் தேதியை அண்ணன் நம்புவாரா? பத்து நாள் முன்னதாகவே சாரிடம் மன்றாடி ஜீப்பை வாங்கி, ஓடையின் இந்தக் கரையில் நிறுத்தி, டிரைவரோடு என்னையும் உட்கார வைத்துவிட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் அக்கரையில் தூளியோடு ஆட்கள் தெரிந்தார்கள். ஓடையில் மார்பளவு தண்ணீர். அண்ணன் இரண்டு கரை மரங்களுக்கும் கயிறு கட்டினார். தூளியின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். தூக்க வந்தவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே, "கட்டட்டும் உடுங்க" என்றது.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, இருவரும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னார். "அப்படீங்களா? கண்ணால பாத்துக்கிறனுங்க" என்று அண்ணன் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து ஜீப் மேல் சாய்ந்து அழுதார்.

"நான் இழுத்தடிச்சதுல அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா என்ன தம்பி பண்ணியிருப்பேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் பாலம் வந்தது, பஸ்ஸும் வந்தது. முதல் பஸ்ஸில் நானும் இருந்தேன். பாலத்துக்குப் பத்தடி முன்னால் அண்ணன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, டார்ச் லைட்டோடு பாலத்துக்கு அடியில் இறங்கிவிட்டார். டிரைவர் பொறுமையிழந்து ஹாரனில் கை வைத்தார். மடியில் பேத்தியை வைத்திருந்த அந்த அம்மாள் அதட்டினார்.

"சும்மா இருங்க. அவரு பாத்துட்டுச் சொல்லட்டும்."

ஒரு வண்டிச் சனமும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. கீழேயிருந்து ஒரு கை மேலே வந்து, போகலாம் என்று அசைந்தது. பஸ் போனது. அவர் அடியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய பாலங்களைக் கடந்துவிட்டேன். அடியில் நமக்காகச் சந்தேகப்பட அவர் இல்லையே என்ற நினைப்பில், பாலம் வந்தால் இன்றைக்கும் அதற்குப் பாரம் குறையட்டும் என்று காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறேன்.